எண்ணத்தால் எழுதும் எழுத்து

கை அசையவில்லை, கால் அசையவில்லை, நாவும் அடங்கிவிட்டது. அறிவு மட்டும் தெளிவாக விழித்திருக்கிறது. தாகமென்று சொல்லவும் வழியற்ற இந்நிலையினும் கொடிய சிறை வேறு உண்டோ? தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் சிதையும் நோயினாலும், மூளைத்தண்டைத் தாக்கும் பக்கவாதத்தினாலும் மாந்தர் சிலர் இச்சிறையில் அகப்படுகின்றனர். அவர்களுக்கு ஒரு சாளரத்தைத் திறந்துவிட விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டாக முயன்று வருகின்றனர்.

மூளை தொழிற்படும்போது அதிலே நுண்ணிய மின்னலைகள் எழுகின்றன. ஜேர்மனியின் ஜெனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1924ஆம் ஆண்டில் அவற்றை மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வலைகளைக் கொண்டு கணினியை ஏவலாமா என்னும் வினாவை 1973இல் எழுப்பியவர், லொஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜாக் விடால்.

1988இல் பார்வெல், டொன்சின் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவிலே அதற்கோர் அழகிய விடை கண்டனர். திரையிலே ஆறு நிரையும் ஆறு நிரலும் கொண்ட கட்டம், அதில் எழுத்துக்கள். நிரைகளும் நிரல்களும் மாறிமாறி ஒளிரும். எழுதுவோர் தாம் விரும்பிய எழுத்தின்மீது கருத்தூன்றியிருப்பார். அவ்வெழுத்துள்ள நிரையோ நிரலோ ஒளிர்ந்து ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் கழிந்ததும் மூளையிலே ஒரு சிற்றலை எழும். அவ்வலையை எழுப்பிய நிரையும் நிரலும் சந்திக்குமிடமே அவர் கருதிய எழுத்து.

கேட்பதற்கு இஃது எளிது. ஆனால் அவ்வலையின் அளவோ ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்திலொரு பங்கில் ஒரு சிலவே. கண்ணிமைத்தால் எழும் மின்மாற்றம் அதனினும் பன்மடங்கு பெரிது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் குரலைப் பிரித்தறிவதை ஒத்தது இது. குழந்தை மீண்டும் மீண்டும் அழைத்தால் நாம் இனங்காண்போம் அல்லவா? கணினியும் அவ்வாறே செய்கிறது. பதினாறு தடவைப் பதிவுகளின் சராசரியை எடுத்தால் இரைச்சல் நான்கிலொன்றாகக் குறையும், அலை குறையாது. ஆகையால் நிமிடத்துக்கு இரண்டு மூன்று எழுத்துக்களே அன்று எழுத முடிந்தது.

இங்கேதான் மென்பொருள் ஆக்குவோரின் பணி வருகிறது. எழுத்து ஒளிர்ந்த கணமும் அலை பதிவான கணமும் பிசகாது பொருந்தவேண்டும். பொருந்தாவிடின் சராசரியிலே அலையே கரைந்துபோம். முன்னாளில் ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் கருவிக்கெனத் தனித்தனியே மென்பொருள் எழுதிற்று. ஒருவர் கண்ட பயனை மற்றவர் சோதிப்பது அரிதாயிற்று. இக்குறையை நீக்க, நியூயோர்க் மாநிலத்து அல்பனியில் கேர்வின் ஷால்க் முதலியோர் பி.சி.ஐ.2000 என்னும் மென்பொருளை ஆக்கி, 2004இல் அதனை விவரித்தனர். அலையைப் பெறுதல், அதனை ஆராய்தல், பயனை நிகழ்த்துதல், மேற்பார்வையிடல் என நான்கு பகுதிகள் அதில் உண்டு. ஒன்றை மாற்றினாலும் ஏனையவை குலைவதில்லை.

2023இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார், பேச்சிழந்த பெண்மணி ஒருவரின் மூளையிலே மின்வாய்களைப் பதித்து, நிமிடத்துக்கு 62 சொற்களை வெளிக்கொணர்ந்தனர். ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் சொற்கள் கொண்ட அகராதியோடு சோதித்தபோது ஏறத்தாழ நான்கிலொரு சொல் பிழைபட்டது.

விரைவும் திருத்தமும் இங்கே மாறுபடுகின்றன. தமிழின் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் முப்பத்தாறு கட்டத்துள் அடங்கிவிடும். ஐந்து கட்டம் எஞ்சியும் நிற்கும். அத்தகைய கட்டத்தின் முன் ஒருவர் இருக்க, "செயற்கைச் சுவாசத்தைத் தொடர வேண்டுமா?" என மருத்துவர் வினவுகிறார் என்று கொள்வோம். "வேண்டும்", "வேண்டாம்" என்பவற்றிடையே வேறுபாடு ஓர் உயிரெழுத்து மாத்திரமே. எத்தனை தடவை ஒளிர்ந்தபின் விடையை ஏற்பது, ஐயமுண்டாயின் மீண்டும் கேட்பதா என்பதையெல்லாம் முன்னரே வகுத்துவைப்பவர் மென்பொருளாளரே.

சராசரி காண்பதை நம் மாணவர் கீழ்வகுப்பிலேயே கற்கின்றனர், "இதனால் என்ன பயன்?" என வினவுவோரும் உளர். வாய்திறக்க இயலாத ஒருவரின் விருப்பம் பிழையின்றி வெளிவருவது அந்தக் கணக்கிலேதான் தங்கியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வோமாக.