உங்களுக்குத் தெரியுமா? வைரஸ் புரதத்துக்குச் சென்னையில் பிறந்த உரைகல்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இல் வெளியிட்ட ஒரு வரைபடம், கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் உட்பட எந்தப் புரத வடிவத்தையும் சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடியது. ஆனால் பெரும்பாலான கோணச் சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டாத சேர்க்கைகள் எவை என்று அவர்கள் கணக்கிட்டு அந்த வரைபடத்தில் காட்டினார்கள். கணினி உயிரியலின் வேர்களில் ஒன்று நம் மண்ணில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

2020இல் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற இயந்திரக் கற்றல் நிரல், அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்தாலே பல புரதங்களின் வடிவத்தை வியக்கத்தக்க துல்லியத்தில் கணித்தது. அப்படியானால் பழைய வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். அந்த நிரல் ஆய்வகங்கள் கண்டறிந்த வடிவங்களிலிருந்து கற்றது. வரைபடமோ அணுக்களின் அளவிலிருந்து பிறந்தது, ஆகவே தனிச் சாட்சி. நிரலே நம்பிக்கை குறைவு என்று மதிப்பெண் தரும் பகுதிகளில்தான் வரைபடம் விலக்கும் கோணங்கள் அதிகம் தென்படுகின்றன. வரைபடச் சோதனையில் தேறிய வடிவமும் தவறாக இருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் தடுப்பூசிக்கோ மருந்துக்கோ ஒரு வடிவத்தை நம்புமுன், எக்ஸ்கதிர் அல்லது உறைநிலை மின்னணு நுண்ணோக்கிச் சான்றையும் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.