விளக்கு அணைந்ததும் நண்டு வீட்டில் கொண்டாட்டம்!

வாங்க, சத்தமில்லாமல் எட்டிப் பார்ப்போம். கூடத்து விளக்கை அணைத்தாயிற்றா? தொட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள், அரை மணி நேரம் போகட்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சத்தை நண்டு அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பகல் முழுக்க உடைந்த மண்சட்டிக்கு அடியில் கண் இரண்டை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்த ஆசாமி, இதோ, தொட்டியின் நட்டநடுவில் நிற்கிறார்! இரண்டு கொடுக்கும் மாறி மாறித் தரையைக் கிள்ளுகின்றன, வாய்க்குப் போகின்றன, மறுபடி கிள்ளுகின்றன. ஒரு விநாடிகூட ஓய்வில்லை.

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அந்த வாயைப் பாருங்கள். ஆறு ஜோடி உறுப்புகள் அங்கே ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன! வெளியே இருக்கும் ஜோடி இரண்டு பக்கமும் விலகித் திறக்கிறது, அடுத்தது பிடித்துக்கொள்கிறது, அதற்கும் உள்ளே இருப்பவை நறுக்கித் தள்ளுகின்றன. அதோடு முடியவில்லை. நண்டுக்கு வயிற்றுக்குள்ளே பல் இருக்கிறது. நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று பல். வாயில் நறுக்கியதை வயிறு ஆட்டுக்கல்லாக மாறி அரைக்கிறது. இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்!

இந்த வேடிக்கையெல்லாம் நீடிக்க வேண்டுமானால் ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். இது எந்த நண்டு? நண்டு வளர்ப்பில் பாதி வேலை, காசு கொடுப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியில் முடிந்துவிடுகிறது. சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் கொளத்தூர் தெரியும். அங்கே ஆகட்டும், உங்கள் ஊர் மீன் கடையில் ஆகட்டும், நண்டு இருக்கும் தொட்டியைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்ல தண்ணியிலயே இருக்கும்ணா, ஒண்ணும் ஆகாது." அந்த இடத்தில் நீங்கள் குனிந்து நன்றாகப் பார்க்க வேண்டும்.

சதுரமான உடம்பு, கரும்பழுப்பில் திட்டுத்திட்டாக, முன்பக்கத்தில் மூலைக்கொரு கண், சிவந்த கொடுக்கு. கடைகளில் 'ரெட் கிளா' என்ற பெயரில் விற்கும் நண்டு இது. அலையாத்திக் காட்டுச் சேற்றுக்காரர், பிச்சாவரத்தில் வேருக்கு வேர் தாவி ஓடும் நண்டுகளுக்குச் சொந்தக்காரர். கடலும் ஆறும் கலக்கும் தண்ணீர்தான் இவருக்குப் பிறந்த வீடு. நல்ல தண்ணீரில் போட்டாலும் உடனே எதுவும் ஆகாது, அதுதான் ஆபத்தே. சில வாரம், சில மாதம் தாக்குப்பிடித்துவிட்டு ஒருநாள் காரணமே தெரியாமல் போய்விடுவார். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. இவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 7 கிராம் போதும். ஆனால் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பாகவே இருக்க வேண்டும். சமையல் உப்பில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கிடையாது.

இவருக்குத் தண்ணீரைவிட்டு வெளியே வந்து உட்கார ஓர் இடமும் வேண்டும். பாதித் தொட்டிக்குத் தண்ணீர், மீதிக்குக் கல்லும் மரக்கட்டையும் வைத்துவிட்டு, அவர் மேலே ஏறியதும் முகத்தையே பாருங்கள். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்! வாயோரமாகத் தண்ணீர் கசிந்து வருகிறது. வந்தது கீழே சொட்டிவிடுவதில்லை. கன்னத்தில் கட்டம் கட்டமாக நுண்ணிய மயிர்கள் பின்னிய ஒரு வலை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய படலமாகப் பரவி, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, கால்களின் அடிவாரம் வழியாகத் திரும்பச் செவுளுக்குள் போய்விடுகிறது. ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றிவிட்டு வெளியே உட்கார்ந்தபடி மூச்சுவிடுகிறார்! மேடே இல்லாமல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இந்தக் கலைக்கு இடமேது?

மற்றவர்களையும் சட்டென்று பார்த்துவிடலாம். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருந்தால் அது ஃபிட்லர் நண்டின் ஆண். அதற்கும் உப்புத் தண்ணீர், அதற்கும் கரை. செம்மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி என்றால் பேந்தர் நண்டு, இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் இருக்கும் மட்டானோ ஏரிக்காரர். முழுக்க நல்ல தண்ணீர்தான், ஆனால் கைக்கு எட்டிய செடியும் மீனும் மிஞ்சாது. நம் வயல்வரப்பில் வளை தோண்டும் வயல் நண்டும் அசல் நல்ல தண்ணீர் நண்டே. அவருக்கும் தனித் தொட்டி கொடுங்கள்.

சாதுவான மீன்களோடு சேர்த்து வைக்க எனக்குப் பிடித்தவர் தாய் மைக்ரோ நண்டு. ஓடு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. சிலந்தி என்றே நினைப்பீர்கள், காலெல்லாம் மயிர். தாய்லாந்து ஆறுகளில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களைப் பற்றிக்கொண்டு வாழ்பவர். அறிவியல் இவருக்குப் பெயர் வைத்தது 1991இல். தொட்டியிலும் மிதக்கும் செடி ஒன்றைப் போட்டு வேரைத் தொங்கவிட்டால் அங்கேயே குடித்தனம்தான்.

அப்புறம் வேம்பயர் நண்டு! ஊதா உடம்பு, பளிச்சென்ற மஞ்சள் கண். ஜாவாத் தீவிலிருந்து வந்து உலகமெங்கும் வீட்டுத் தொட்டிகளில் வருடக்கணக்காக வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் அறிவியலில் பெயரே இல்லை. 2015இல்தான் சிங்கப்பூரின் பீட்டர் எங்கும் கூட்டாளிகளும் இரண்டு இனங்களை முறையாக விவரித்தார்கள். ஒன்றின் பெயர் ஜியோசெசார்மா டென்னர்லி, ஜெர்மனியின் மீன்தொட்டி நிறுவனம் ஒன்றின் பெயரை ஒட்டி வைத்தது. வீட்டுக் கூடத்தில் இருந்த பிராணி ஆய்வகத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறது! இதற்குத் தொட்டியில் பெரும்பகுதி ஈரமண்ணும் பாசியும், ஓரமாக ஆழமில்லாத நல்ல தண்ணீரும் போதும்.

ஆணா பெண்ணா என்று பார்க்க, கண்ணாடியில் ஏறும்போது வயிற்றைக் கவனியுங்கள். மடிந்திருக்கும் மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண் போதும், இரண்டு இருந்தால் கால்கள் பறக்கும்.

இனி திரைமறைவின் உச்சக்காட்சி. நண்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மறைவிடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு காலையில் தொட்டியில் இரண்டு நண்டு! ஒன்று அசைவே இல்லாமல் கிடக்கிறது. எத்தனையோ வீடுகளில் இந்த நேரத்தில்தான் அழுகை, அடக்கம் எல்லாம் நடக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அந்த 'உடலை' உற்றுப் பாருங்கள். பின்பக்கம், ஓடும் வயிற்று மடலும் சேரும் இடம், பிளந்து திறந்திருக்கிறதா? உள்ளே வெறும் கூடா? அழுகிய வாடை இல்லையே? அப்படியானால் உங்கள் நண்டு ஓடு கழற்றியிருக்கிறது.

எப்படிக் கழற்றுகிறது தெரியுமா? உடம்பில் தண்ணீரை ஏற்றி உப்புகிறது, பழைய ஓடு பின்னால் பிளக்கிறது, அந்தப் பிளவு வழியாகப் பின்னோக்கியே வெளியே வருகிறது. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, கண் காம்புகள் எல்லாவற்றையும் உருவி எடுக்க வேண்டும். செவுளின் மேலுறையும் கழன்று வருகிறது. முன்னே சொன்ன வயிற்றுப் பற்கள் இருக்கின்றனவே, அவையும் ஓட்டோடு போய்விடுகின்றன, புதுப் பற்கள் தயாராக நிற்கின்றன! காலொன்று ஒடிந்திருந்தால், அந்த இடத்தில் மொட்டாக மடிந்திருந்தது இப்போது சின்னஞ்சிறு காலாக விரிகிறது. இன்னும் இரண்டொரு முறை ஓடு மாற்றினால் மற்ற காலுக்குச் சமமாக வளர்ந்துவிடும்.

புது ஓடு முதலில் வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். அந்தச் சில நாள் அது யாருக்கும் இரை, கூட இருக்கும் நண்டுக்கும்தான். அதனால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் மறைவிடம் கட்டாயம். பழைய ஓட்டை வெளியே எடுத்துப் போடாதீர்கள். அதையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறுகிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள், ஒரு துண்டைத் தொட்டியில் போட்டு வையுங்கள்.

சாப்பாட்டில் பெரிய சிரமமே இல்லை. தரையில் மூழ்கும் தீனி, வெந்நீரில் காட்டிய கீரை, வெள்ளரித் துண்டு, எப்போதாவது துளி இறால், எப்போதும் கிடக்கும்படி காய்ந்த நாட்டுப் பாதாம் இலை. மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

கவனம் வேண்டியது வேறு இடத்தில். நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு, அதனால் காற்றுப் பட்ட ரத்தம் நீலம்! ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு அதற்கு விஷம். மீனுக்கு வெண்புள்ளி நோய் மருந்து ஊற்றும் முன் லேபிளில் காப்பர் என்று இருக்கிறதா பாருங்கள். கொசு விரட்டித் திரவமும் கரப்பான் ஸ்ப்ரேயும் தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு, மீனைவிட நண்டையும் இறாலையும் மோசமாகத் தாக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரினையும் நீக்கியே ஊற்றுங்கள். மூடியில் ஏர் குழாய் நுழையும் ஓட்டையைப் பஞ்சால் அடையுங்கள், அந்தக் குழாயைப் பிடித்துத்தான் ராத்திரி ஏறித் தப்பிக்கிறார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேடும்போது செவுள் காய்ந்துபோயிருக்கும்.

குட்டி போடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரெட் கிளா வீட்டில் வாய்ப்பில்லை, அதன் லார்வாக்களுக்குக் கடல் வேண்டும். வேம்பயர் நண்டும் வயல் நண்டும் அப்படியல்ல! முட்டையிலிருந்து நேராக முழு நண்டாகவே வருகின்றன. அம்மாவின் வயிற்று மடலை ஒருநாள் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் கால் முளைத்த நண்டுகள் அங்கே நெளியும்! உடனே ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், மீன் இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், பாதாம் இலை இரண்டு கூடுதலாகப் போடுங்கள். குட்டிகள் இறங்கி ஓடத் தொடங்கியதும் பெரியவர்களுக்கு இரவுச் சாப்பாட்டைத் தாராளமாக வையுங்கள். பசித்தால் அம்மாவே குட்டியைப் பிடித்துவிடுவாள்.