பிளே ஸ்கூலைத் தேர்ந்தெடுக்குமுன் கழிவறையைப் பாருங்கள்

பிளே ஸ்கூலில் சேர்த்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தியை, வயிற்றுவலி என்று என்னிடம் அழைத்து வந்தனர். பெற்றோர் இருவரும் வல்லம் வடகால் சிப்காட்டில் வெவ்வேறு ஷிப்டுகளில் பணிபுரிபவர்கள். உள்ளாடையில் மலம் கசிவதைக் கண்டு, வேண்டுமென்றே செய்கிறாள் என்று அடித்துவிட்டதாகச் சொல்லித் தாய் அழுதார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இறுகிய மலம் கைக்குத் தட்டுப்பட்டது. பள்ளிக் கழிவறை இருட்டாக இருந்ததாலும் உடன்வர ஆளில்லாததாலும் குழந்தை நாள்தோறும் அடக்கியே வந்திருக்கிறாள்.

அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இறுகுகிறது. வெளியேறுகையில் வலிக்கிறது; அவ்வலிக்கு அஞ்சிக் குழந்தை மேலும் அடக்குகிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, மலம் வரும் உணர்வே மங்கிவிடும். பின்னர் இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் தானாகவே கசியும். இதில் குழந்தையின் குற்றம் ஏதுமில்லை. சிறுநீரை அடக்குவதும் இவ்வாறே தொற்றுக்கு வழிவகுக்கும்.

ஆகவே சுவரோவியங்களையும் ஆங்கிலப் பாடல்களையும் பார்க்குமுன் கழிவறையைப் பாருங்கள். வெளிச்சம், தண்ணீர், சோப்பு உள்ளனவா? குழந்தையின் பாதங்கள் ஊன்றி அமர இயலுமா? கழுவிவிடும் ஆயா யார்? கேட்டவுடன் அனுப்புவார்களா, இடைவேளை மணி வரை காத்திருக்கச் சொல்வார்களா? வகுப்பு நடக்கும் வேளையில் சென்று பாருங்கள். சேர்க்கை நாளன்று எல்லாப் பள்ளியும் தூய்மையாகத்தான் இருக்கும்.

அடுத்தது உறக்கம். 3, 4 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் தாயைக் கண்ட பின்னரே கண்ணுறங்கும் குழந்தையை விடியற்காலையில் எழுப்பித் தொலைவிலுள்ள பள்ளிக்கு வேனில் ஏற்றினால் இக்கணக்கு எவ்வாறு தேறும்? பெயர்பெற்ற அப்பள்ளியைவிட, நடக்கும் தொலைவிலுள்ள எளிய பள்ளியையே நான் பரிந்துரைப்பேன்.

அங்கன்வாடியைப் பலர் கருத்தில் கொள்வதே இல்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் அம்மையங்களில் முன்பருவக் கல்வி, மதிய உணவு, எடை கண்காணிப்பு யாவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கும் கழிவறையைப் பார்த்துவிட்டே சேருங்கள். மையம் மூடிய பின் ஷிப்ட் முடியும்வரை குழந்தை யாரிடம் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் சேர்க்கப்பட்ட விதி. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கவும் அதில் இடமுண்டு. உங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் கேட்கத் தயங்க வேண்டா.

அச்சிறுமிக்கு மலமிளக்கி மருந்து தொடர்கிறது; சில மாதங்கள் தேவைப்படும். வலி நின்றதும் நடுவில் நிறுத்திவிடுவதே பலரும் செய்யும் பிழை. நாள்தோறும் காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம், கால்களுக்கு ஒரு சிறு பலகையிட்டு, அவளைக் கழிவறையில் அமர்த்துகிறார்கள். தாய் பள்ளி ஆயாவிடம் நேரில் பேசிவிட்டார். இப்போது அவள் தானே கைகாட்டிக் கேட்கிறாளாம்.