விவசாயி பிடுங்கும் கலவன்... விஞ்ஞானி தேடும் புதையல்!

விதைப்பண்ணை விவசாயிகள், நெல் பூக்கும் சமயத்தில் வயலில் இறங்கி, நெட்டையாகவோ குட்டையாகவோ தனித்து நிற்கும் பயிரைக் 'கலவன்' என்று பிடுங்கி எறிவார்கள். நெல் ஆராய்ச்சி வயலில் நடப்பது நேர்மாறு. அங்கே கலவனை வேண்டுமென்றே உருவாக்கி, அட்டை கட்டி, தனித்தனியாக விதை சேர்க்கிறார்கள்.

நெல்லின் 12 குரோமோசோம்களில் உள்ள மரபணுத் தொடர் 2005-ம் ஆண்டு வெளியானது. அதில் சுமார் 37,500 மரபணுக்கள் இருக்கலாம் என்று அப்போது கணித்தார்கள். ஆனால், எந்த மரபணுவுக்கு என்ன வேலை? மோட்டார் கொட்டகையில் பத்து ஃபியூஸ் இருந்து, எது எதற்கு என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். எந்த விளக்கு அணைகிறதோ, அந்த ஃபியூஸ் அதற்கானது. சடுதிமாற்றப் பயிரை வைத்து மரபணுவின் வேலையைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

இரண்டாம் தலைமுறையில் வெளுக்கும் சாயம்

விதை நெல்லை இ.எம்.எஸ் என்ற ரசாயனக் கரைசலில் ஊற வைப்பார்கள், அல்லது காமா கதிரில் காட்டுவார்கள். இதனால் மரபணுக்களில் ஆங்காங்கே மாற்றம் நேரும். முதல் தலைமுறையில் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பயிரின் விதையை மீண்டும் விதைக்கும்போதுதான் குட்டை, வெளிறிய நாற்று, தாமதப் பூப்பு என்று குணங்கள் தலைகாட்டும். அதைத் தாய் ரகத்தோடு ஒப்பிட்டு, மாறிய மரபணுவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஐ.ஆர்.8 குட்டையாக இருந்ததற்கும் இயற்கையாக நேர்ந்த இப்படியொரு பழுதுதான் காரணம். தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் ஊக்கியைத் தயாரிக்கும் மரபணு அதில் சிதைந்திருக்கிறது. 1966-ல் வெளியான ரகத்தின் ரகசியம், 2002-ல்தான் பிடிபட்டது.

கோவையில் கிடைத்த 'ராபின்'

வறட்சி தாங்கும் நாகினா 22 ரகத்தை இ.எம்.எஸ் கொண்டு மாற்றியபோது, களைக்கொல்லிக்குச் சாகாத ஒரு பயிர் கிடைத்தது. கண்டறிந்தவர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் விஞ்ஞானி எஸ்.ராபின். அவர் பெயரே அந்தப் பயிருக்கும் வைக்கப்பட்டது.

இமாசெத்தபைர் களைக்கொல்லி, பயிர் வளரத் தேவையான ஒரு நொதியைப் பிடித்து முடக்கிவிடும். ராபினில் அந்த நொதிக்கான மரபணு சற்று மாறியிருப்பதால், மருந்து அதில் ஒட்டுவதில்லை. இந்தக் குணத்தைப் பாஸ்மதியில் சேர்த்து, நேரடி விதைப்புக்காக பூசா பாஸ்மதி 1979, 1985 ரகங்களை டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. வெளி உயிரினத்தின் மரபணு எதுவும் சேர்க்காததால், இவை மரபணு மாற்றப் பயிர்கள் அல்ல.

கவனிக்க வேண்டியவை

நிலக்கடலை, உளுந்துக்குத் தெளிக்கும் இமாசெத்தபைரைச் சாதாரண நெல் ரகங்களில் தெளித்தால், களையோடு நெல்லும் கருகும். தாங்கும் ரகத்திலும் ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால், களைகளிலும் இதே போன்ற மாற்றம் தோன்றி, மருந்துக்கு அசையாமல் நிற்கும். களைநெல் உள்ள வயலில் ஆபத்து இன்னும் அதிகம்; மகரந்தம் கலந்தால் இந்தக் குணம் களைநெல்லுக்கும் போய்விடும். பயிர் சுழற்சியும், கைக்களையும் கைவிடக் கூடாதவை.