சீட்டில் யார் பெயர்?

நம் ஊர் கிளினிக்குகளில் ஒரு காலத்தில் கம்பவுண்டர் இருந்தார். டாக்டரின் சீட்டைப் பார்த்து சிவப்பு மிக்சரைக் கலந்து, நாம் கொண்டுபோன பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். அந்த வேலை அமெரிக்காவில் இன்றும் பெரிய தொழில். மாத்திரை விழுங்காத குழந்தைக்கு அதையே திரவமாக்குவார்கள். சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாயமில்லாமல் செய்து தருவார்கள். இந்தக் கலவை மருந்துகளுக்கு மத்திய மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.யின் ஒப்புதல் கிடையாது. ஒருவருக்காக மட்டும் கலப்பதற்கு அது சரிதான். கடைகளை அந்தந்த மாநில மருந்தக வாரியம் பார்த்துக்கொள்ளும்.

2012 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தில் ஒருவருக்குப் பூஞ்சையால் மூளை உறை அழற்சி வந்தது. அபூர்வமான நோய். விசாரித்தால், முதுகுவலிக்குத் தண்டுவடத்தருகே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர். மருந்து வந்த இடம் மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர். பெயருக்கு மருந்துக்கடை, நடந்ததோ தொழிற்சாலை வேலை. மூன்றே தொகுதிகளில் 17,000-க்கும் மேற்பட்ட குப்பிகள் 23 மாநிலங்களுக்குப் போயிருந்தன. சுத்த அறையிலேயே பூஞ்சை இருந்தது. 750-க்கும் அதிகமானோர் நோயுற்றனர். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அன்று எண்ணிய சாவு மட்டும் 64.

ஆளுக்கொரு சீட்டு வேண்டும் என்ற விதியை எப்படித் தாண்டினார்கள்? பொய்ப் பெயர்கள்தான். குற்றப்பத்திரிகையில் உள்ள ‘நோயாளி’களில் ஒருவர் மைக்கேல் ஜாக்சன்! 2006-லேயே எஃப்.டி.ஏ. இந்நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆனால் இது மாநிலத்தின் பொறுப்பா, மத்திய அரசின் பொறுப்பா என்ற இழுபறியில் காலம் போய்விட்டது. உரிமையாளர்களில் ஒருவரான பேரி கேடன் மத்திய நீதிமன்ற வழக்கில் கொலைக் குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பினார். மோசடிக்காகச் சிறை சென்றார்.

2013 நவம்பரில் வந்த சட்டம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. பெயர் எழுதிய சீட்டுக்குக் கலந்து தருகிறவர் கடைக்காரர், மாநிலம் பார்த்துக்கொள்ளும். பெயரில்லாமல் மொத்தமாகச் செய்து மருத்துவமனைகளுக்கு விற்க வேண்டுமானால் எஃப்.டி.ஏ.யிடம் பதிய வேண்டும். மருந்து ஆலைக்குரிய தயாரிப்பு நெறிகளும் நேரடிச் சோதனையும் உண்டு. இரண்டு வகைக்கும் எஃப்.டி.ஏ. ஒப்புதல் இல்லை என்பது மாறவில்லை.

பதிந்த கூடத்தின் குப்பியில் ‘இது கலவை மருந்து’ என்று அச்சிடுவது கட்டாயம். முதுகில் ஊசிக்காகக் குப்புறப் படுத்திருப்பவர் அந்தக் குப்பியை எங்கே பார்க்கப் போகிறார்? ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டால்தான் உண்டு.