கட்டிலருகே வந்த ஸ்கேன் கருவி



அவசர சிகிச்சைப் பிரிவுக்கென்று உங்கள் காணிக்கையில் ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கியதைச் சென்ற மடலில் தெரிவித்திருந்தோம். "கர்ப்பிணிகளுக்குத்தானே ஸ்கேன்? விபத்தில் அடிபட்டவருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

முறிந்த கால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எங்களைப் பயமுறுத்துவது தெரியாத காயம். பைக்கின் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால், தோலில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் போகலாம். ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். இளவயதினரின் உடல் வெகுநேரம் ரத்த அழுத்தத்தைக் காத்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாகச் சரிந்துவிடும்.

முன்பெல்லாம் தொப்புளருகே சிறிதாகக் கீறி, குழாய்வழியே உப்புநீர் விட்டு வடித்து, அது சிவந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். 1965-ல் வெளிவந்த முறை அது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதலில் ஸ்கேன் கருவியை இதற்குப் பயன்படுத்தினார்கள். 1990-களில் அமெரிக்காவில் இது 'ஃபாஸ்ட்' பரிசோதனை என்று பெயர் பெற்றது.

நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து நகர்த்த வேண்டியதில்லை. ஜெல் தடவி நான்கு இடங்களைப் பார்க்கிறோம். முதலில் வலது விலாப்புறம், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே. மல்லாந்து படுத்திருப்பவருக்கு மேல்வயிற்றில் அதுதான் பள்ளம். சிந்திய ரத்தம் பெரும்பாலும் அங்கே வந்து சேரும். பிறகு இடப்புறம் மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால், கடைசியாக இருதயத்தைச் சூழ்ந்த உறை. திரையில் உறுப்புகள் சாம்பல் நிறமாகவும் புதிதாகக் கசிந்த ரத்தம் கறுப்பாகவும் தெரியும். பழகிய கைக்குச் சில நிமிடங்கள் போதும். கதிர்வீச்சு இல்லாததால் எத்தனை முறையும் பார்க்கலாம்.

இந்தக் கடைசி வசதியின் அருமை எங்களுக்கு ஓர் இரவில் விளங்கியது. பைக்கிலிருந்து விழுந்த ஒரு வாலிபனை அவன் அண்ணன் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தார். நான்கு இடங்களிலும் கறுப்பு இல்லை. "வயிறு லேசாத்தான் வலிக்குதாம், டாக்டரம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்றார் அண்ணன். உண்மையைச் சொன்னால், நாங்களும் சற்று நிம்மதியாகத்தான் இருந்தோம். டியூட்டி சிஸ்டர்தான் விடவில்லை. நாடி 96-லிருந்து 124-க்கு ஏறியிருப்பதைக் காட்டி, "இன்னொரு முறை பாருங்கள்" என்றார். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது மண்ணீரலைச் சுற்றி கறுப்புக் கோடு. நள்ளிரவுக்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. மண்ணீரலைக் காப்பாற்ற முடியவில்லை. தம்பியைக் காப்பாற்ற முடிந்தது. மண்ணீரல் இல்லாதவர்களைச் சில தொற்றுகள் கடுமையாகத் தாக்கும் என்பதால், நிமோனியா தடுப்பூசிக்கும் அவன் வந்து போனான்.

ஆகவே இக்கருவி 'இல்லை' என்று சொல்வதை நாங்கள் முழுதாக நம்புவதில்லை. ஏறக்குறைய 200 மில்லி ரத்தமாவது சேர்ந்தால்தான் பொதுவாகத் தெரியும். குடல் கிழிந்தாலோ, முதுகுப்புறமாக ரத்தம் கசிந்தாலோ தப்பிவிடக்கூடும். நிலை சீராக இருப்பவர்களுக்கு, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்கேன் கருவிகளை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். விபத்துக்கென்று வாங்கினாலும் விதிவிலக்கு இல்லை. கருவியைக் கிராம முகாமுக்கு ஏன் எடுத்து வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

அன்றிரவு 3 யூனிட் ரத்தம் தேவைப்பட்டது. ஒன்றைக் கொடுத்தவர் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். அருகிலுள்ள சபைகளின் வாலிபர் சங்கத்தார் தங்கள் பெயரையும் ரத்த வகையையும் எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும். இரவு 11 மணிக்கு மேல் கூப்பிடலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.