கரையும் கலிங்கும்

சோமனூருக்கு அருகிலுள்ள சாமளாபுரம் குளத்தின் கரையை ‘வெறும் மண்தானே’ என்று அலட்சியம் செய்வதற்கில்லை. மழை குறைந்த கொங்கு நாட்டில், தேங்கிய நொய்யல் ஜலம் அடிமண்ணில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறுவது பெரும் பாக்கியமல்லவா?

மண் கரைக்குப் பரம சத்துரு, அதன்மேல் புரண்டோடும் வெள்ளம். கல்லணை தாங்கும், மண்ணோ சில மணி நேரத்தில் கரைந்து போகும். 1977-இல் வேடசந்தூருக்கு அருகே குடகனாற்று அணை இவ்விதமே உடைந்தது. ஆகையால் உபரி நீரை வெளியேற்றும் கலிங்கே கரைக்கு உயிர். இன்னும் ஒரு சாண் நீர் தேங்கட்டும் என்று அதன்மேல் மண்மூட்டை அடுக்குவது (எவ்வளவு நல்ல எண்ணம்!) விபரீதமாக முடியும்.

எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் ஆகியவற்றின் வழியே கரையிலும் நீர் கசியும். தெளிவாகக் கசிந்தால் தினமும் கவனித்து வரலாம்; கலங்கிக் கசிந்தாலோ, கரையின் மண்ணே உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று அறிக. அப்போது பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.